மனுவின் நகல் யார் கைக்குப் போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர், முகவரி, கைபேசி எண் மூன்றையும் ஒரு தனித்தாளில் எழுதி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நீங்கள் சரிபார்த்துக்கொள்ளலாம். பத்திரிகையில் மட்டும் போட வேண்டாம். ஏன் என்பது கடிதத்திலேயே இருக்கிறது.

போன திங்கட்கிழமை காலை ஒரு பெரியவர் என் மேசைக்கு வந்தார். எழுபது வயது இருக்கும். மஞ்சப்பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து மேசைமேல் வைத்தார். தேங்காய் முறி அளவு இருந்தது. ஒரு பக்கம் மண் ஒட்டி, மறுபக்கம் புதிதாக உடைந்து கூராக. ஊருக்கு மேற்கே இருக்கும் குவாரியில் வெடி வைத்தபோது அவர் வீட்டு முற்றத்தில் வந்து விழுந்ததாம். பேத்தி கோலம் போட்டு முடித்து உள்ளே போன கொஞ்ச நேரத்தில், அந்தக் கோலத்து மேலேயே. "இதை எழுதும்மா" என்றார். நான் தாளை எடுத்து 'அனுப்புநர்' என்று எழுதிவிட்டு, "பேரு சொல்லுங்க அய்யா" என்றேன். அவர் சொல்லவில்லை. கல்லை எடுத்துத் திரும்பப் பைக்குள் வைத்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "பேரு போடாம எழுத முடியாதாம்மா?"

திருநெல்வேலி கொக்கிரகுளத்தில், கலெக்டர் ஆபீசுக்கு வருகிற சனங்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஒரு மடக்கு மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கட்டு வெள்ளைத்தாள், கைநாட்டு வைக்க ஒரு ஸ்டாம்ப் பேடு. 24 வருடமாக இதே வேலை. முதல் பத்து வருடத்தில் இந்தக் கேள்வி என் காதில் விழுந்தது மூன்று நான்கு தடவைதான். இப்போது வாரம் தவறுவதில்லை.

ஒன்றைக் கவனித்திருக்கிறேன். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாரிசு சான்றிதழ் என்று வருகிறவர்கள் பெயரைச் சொல்லத் தயங்குவதே இல்லை. இன்ஷியலைப் பெரிதாக எழுதச் சொல்வார்கள். தனக்கு ஒன்று வேண்டும் என்று கேட்பவருக்கு ஆபத்து கிடையாது. ஊருக்காகக் கேட்பவருக்குத்தான் ஆபத்து. ஆற்று மணல், கல்குவாரி, குளத்து ஆக்கிரமிப்பு, கோயில் நிலம், வக்பு நிலம், நூறு நாள் வேலைக் கணக்கு, கந்துவட்டி. இந்த மனுக்களை எழுதும்போதுதான் எதிரே உட்கார்ந்திருப்பவர் தோளுக்குப் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். 1998 டிசம்பர் 9-ம் தேதி ஐ.நா. பொதுச்சபை இந்த மாதிரி ஆட்களுக்காகவே ஒரு பிரகடனம் நிறைவேற்றியது. அடுத்தவர் உரிமைக்காகக் குரல் கொடுப்பவரை மிரட்டலிலிருந்தும் வன்முறையிலிருந்தும் காப்பது அரசின் கடமை என்று அதில் இருக்கிறது. மனித உரிமைக் காப்பாளர் என்று அவர்களை மரியாதையாகச் சொல்கிறோம். எங்கள் பக்கம் ஆபீஸ்களில் அவர்களுக்கு வைத்திருக்கும் பெயர் 'பெட்டிஷன் பார்ட்டி'.

எனக்கு நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

2009-ல் தாமிரபரணிக் கரையில் ஒரு கிராமத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். ராத்திரி லாரி வைத்து ஆற்றில் மணல் அள்ளுகிறார்கள், குடிதண்ணீர் உறைகிணற்றின் சிமெண்ட் உறை நாலு அடி வெளியே தெரிகிறது, இன்னும் இரண்டு மாதத்தில் கிணறே சாய்ந்துவிடும் என்றார். லாரி எண்கள் ஏழு, ஒரு துண்டுத்தாளில் குறித்து வைத்திருந்தார். நான் என் கையாலேயே எழுதினேன், இரண்டு பக்கம். அவர் போய் உள்ளே கொடுத்து, முத்திரை போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்து, சந்தோஷமாக எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அது திங்கள்.

வியாழன் மத்தியானம் இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். வண்டியை மேசைக்கு ஒட்டி நிறுத்தினார்கள். ஒருவன் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து விரித்து, ஓரம் பறக்காமல் இருக்க என் ஸ்டாம்ப் பேடையே எடுத்து மேலே வைத்தான். அந்த மனுவின் ஜெராக்ஸ். என் கையெழுத்து. மேலே திங்கட்கிழமை தேதியோடு ஆபீஸ் முத்திரை. இடது ஓரத்தில் ஓர் அதிகாரியின் சுருக்கொப்பம். மனு எந்தெந்த மேசைக்குப் போயிருக்கிறது என்று அந்த ஒரே தாளில் படிக்கலாம். எந்த மேசையிலிருந்து அவன் சட்டைப்பைக்கு வந்தது என்பதுதான் அதில் இல்லை.

அவன் சத்தம் போடவில்லை. "கையெழுத்து நல்லா இருக்குக்கா. யாருக்கா இது எழுதுனது?" என்றான். நான் பேசவில்லை. மற்றவன் டீ சொன்னான், எனக்கும் சேர்த்து. எனக்குக் கை நடுங்கியது, டம்ளரைத் தொடவில்லை. குடித்து முடித்துவிட்டு மூன்று டீக்கும் அவனே காசு கொடுத்தான். "பிள்ளைக எந்த ஸ்கூல்லக்கா படிக்குது?" என்று கேட்டான். பதிலுக்குக் காத்திருக்காமல் பள்ளிக்கூடத்தின் பெயரை அவனே சொன்னான். அவ்வளவுதான். போய்விட்டார்கள்.

அடுத்த திங்கள் அந்த விவசாயி திரும்ப வந்தார். வீட்டம்மாவும் கூட வந்திருந்தார். அந்த விவசாயியின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. என்ன நடந்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு வாபஸ் மனு எழுதச் சொன்னார். அதற்கென்று ஒரு வாசகம் இருக்கிறது, 24 வருடத்தில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன்: 'மேற்படி மனுவை யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, சுயநினைவோடும் மனமுவந்தும் வாபஸ் பெற்றுக்கொள்கிறேன்.' அவர் கையெழுத்துப் போடும்போது வீட்டம்மா சேலை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அந்த மனு அரசாங்கக் கணக்கில் 'முடிக்கப்பட்டது' என்று சேர்ந்திருக்கும். வாபஸ் ஆனால் கோப்பு மூடிவிடும், நிலுவை ஒன்று குறையும். ஏன் வாபஸ் வாங்குகிறாய் என்று அந்த மனுஷனை யாரும் கேட்டதில்லை.

அதற்கப்புறம் மூன்று வருடம் நான் மணல் மனு எழுதவில்லை. வந்தவர்களை வேறு ஆளிடம் போகச் சொன்னேன். பிள்ளைகளை நினைத்துப் பயந்தேன். அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

ஆசிரியர் ஐயா, நான் சொன்னதில் யாரும் சாகவில்லை. ஆனால் செத்தவர்கள் கதையும் இதே இடத்தில்தான் தொடங்குகிறது.

முறப்பநாடு இங்கிருந்து தூத்துக்குடி போகிற வழியில் இருக்கிறது. அங்கே கிராம நிர்வாக அலுவலராக இருந்த லூர்து பிரான்சிஸ், மணல் கடத்தல் பற்றிப் போலீசில் புகார் கொடுத்தார். பன்னிரண்டு நாள் கழித்து, 2023 ஏப்ரல் 25 அன்று, பட்டப்பகலில், அவர் ஆபீசுக்குள்ளேயே புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். திருநெல்வேலி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தும் பிழைக்கவில்லை. அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்து, அரசாங்க வேலையாகப் புகார் கொடுத்தவருக்கே இந்த கதி. அந்த வழக்கில் ஐந்து மாதத்துக்குள் இரண்டு பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நினைத்தால் வேகமாக நடக்க முடியும் என்பதற்கு அந்தத் தீர்ப்பே சாட்சி. ஆனால் புகாருக்கும் கொலைக்கும் நடுவில் இருந்த அந்தப் பன்னிரண்டு நாளில் அந்த வேகம் எங்கே போயிருந்தது?

அதற்கு முந்தைய வருடம், 2022 செப்டம்பரில், கரூர் மாவட்டம் க.பரமத்தி பக்கம் ஜெகநாதன் என்ற விவசாயி. உரிமக் காலம் முடிந்தும் ஓடிக்கொண்டிருந்த குவாரிமேல் மனு போட்டவர். வண்டியை ஏற்றிக் கொன்றார்கள், குவாரி உரிமையாளர் கைதானார். 2025 ஜனவரி 17, வெள்ளிக்கிழமை, புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பக்கம் ஜகபர் அலி. அ.தி.மு.க.வில் ஒன்றிய கவுன்சிலராக இருந்தவர். சட்டவிரோதக் குவாரிகளைப் பற்றி அதிகாரிகளுக்கு மனுமேல் மனு கொடுத்தவர். பள்ளிவாசலில் தொழுகை முடித்து இருசக்கர வண்டியில் திரும்பும்போது லாரியை விட்டு மோதினார்கள். விபத்து என்று போயிருக்க வேண்டியது, அவர் மனைவி விடாமல் நின்றதால் கொலை வழக்கானது. அப்புறம் சி.பி.சி.ஐ.டி. விசாரணை, குவாரிக்காரர்கள் கைது, தாசில்தார் இடமாற்றம் எல்லாம் நடந்தது.

இரண்டு மாதம் கழித்து, மார்ச் 18 அதிகாலை, எங்கள் திருநெல்வேலி டவுனிலேயே ஜாகிர் உசேன் பிஜிலி. இவர் ஓய்வுபெற்ற போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர். வக்பு நிலம் ஒன்றுக்காகப் போராடியவர். ரமலான் மாதம், தொழுகை முடித்து வீட்டுக்கு வரும் வழியில் வெட்டிக் கொன்றார்கள். 'என்னைக் கொல்லப் போகிறார்கள்' என்று அவர் முன்கூட்டியே பேசி வெளியிட்ட வீடியோவை அன்று மத்தியானம் என் மேசைக்கு வந்தவர்கள் எல்லோரும் ஃபோனில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போலீசில் வேலை பார்த்தவர், எந்த அதிகாரியிடம் எப்படிப் புகார் எழுத வேண்டும் என்று நன்றாகத் தெரிந்தவர். அவர் புகாருக்கே அந்த மரியாதை என்றால், மஞ்சப்பையோடு வரும் பெரியவருக்கு என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போலீஸ் அதிகாரிகள் சஸ்பெண்ட் ஆனார்கள். சஸ்பெண்ட், இடமாற்றம் எல்லாம் உயிர் போன பிறகுதான் வருகிறது.

ஒரு மனு எப்படிப் பயணம் போகிறது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தால் எண் போட்டு, 'தக்க நடவடிக்கைக்காக' என்று எழுதிக் கீழே அனுப்புகிறார்கள். ஆர்.டி.ஓ., தாசில்தார், வருவாய் ஆய்வாளர், கடைசியில் அதே ஊரின் கிராம நிர்வாக அலுவலர். குவாரி என்றால் கனிமவளத் துறைக்கு ஒரு நகல், மிரட்டல் என்றும் எழுதியிருந்தால் போலீசுக்கு ஒரு நகல். போகிற இடமெல்லாம் முதல் வரியிலேயே மனுதாரரின் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், கைபேசி எண். அது இல்லாமல் மனுவே செல்லாது. அப்புறம் ஒரு நாள் ஃபோன் வரும்: "நாளைக்குப் பத்து மணிக்கு ஸ்தலத்துக்கு வந்துருங்க." போய்ப் பார்த்தால், யார்மேல் மனுவோ அவரும் அங்கே நிற்பார். இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தி வைத்து, "நீங்கதான மனு போட்டது?" என்று கேட்பார்கள். பல அதிகாரிகள் இதைக் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. விசாரணை என்றால் இப்படித்தான் என்று பழகிவிட்டது. வேலித் தகராறுக்கு இரண்டு தரப்பையும் கூப்பிடுவது சரி. குவாரி எத்தனை அடி ஆழம் தோண்டியிருக்கிறது என்று அளப்பதற்கு மனுதாரர் எதற்கு? குத்தகைப் பரப்பு ஆவணத்தில் இருக்கிறது, கல் ஏற்றிப் போகும் லாரிக்கு நடைச்சீட்டு எத்தனை கொடுத்தார்கள் என்று அவர்களிடமே கணக்கு இருக்கிறது, பள்ளம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. 2022 மே மாதம் இங்கே அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து நாலு பேர் செத்த பிறகு, குழு போட்டு மாவட்டத்துக் குவாரிகளை ஆய்வு செய்தார்களே, அப்போது எந்த மனுதாரரைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள்?

சரி, பெயரே போடாமல் அனுப்பினால்? அதற்கு மொட்டை பெட்டிஷன் என்று பெயர். படிக்காமலே ஒதுக்கிவிடலாம், விதியே அப்படித்தான். பெயர் போட்டால் உயிருக்கு ஆபத்து, போடாவிட்டால் மனு குப்பைக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறதா என்றுதான் அந்தப் பெரியவர் என்னிடம் கேட்டார்.

வழி இருக்கிறது. அதை இந்த நாடு ஓர் உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்டது. பீகாரில் தேசிய நெடுஞ்சாலை வேலையில் நடந்த ஊழலைப் பற்றி சத்யேந்திர துபே என்ற இளம் பொறியாளர் 2002-ல் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். என் பெயரை வெளியே விட்டுவிடாதீர்கள் என்று அதில் கேட்டுக்கொண்டார். கடிதம் அவர் பெயரோடேயே ஒவ்வொரு ஆபீசாகச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்கப்புறம் உச்ச நீதிமன்றம் கேட்ட கேள்வியில், 2004-ல் மத்திய அரசு ஓர் ஏற்பாடு கொண்டுவந்தது. புகாரை மூடிய உறையில் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு அனுப்பலாம். பெயரும் முகவரியும் உள்ளே இருக்க வேண்டும், ஆனால் ஆணையம் அதை வெளியே விடக் கூடாது. விசாரிக்கப் போகிறவருக்குப் பெயர் இல்லாமல்தான் புகார் போகும். எவ்வளவு எளிய விஷயம் பாருங்கள். பெயர் இருக்கிறது, அதனால் மொட்டை பெட்டிஷன் இல்லை. ஆனால் பெயர் பயணம் போவதில்லை.

இந்த ஏற்பாடு மத்திய அரசு ஊழியர்களையும் மத்திய நிறுவனங்களையும் பற்றிய புகாருக்கு மட்டும்தான். எங்கள் ஊர் குவாரிக்கும் தாலுகா ஆபீசுக்கும் அது எட்டாது. 2014-ல் நாடாளுமன்றம் இதற்கென்றே தனிச் சட்டம் நிறைவேற்றி, குடியரசுத் தலைவரும் கையெழுத்துப் போட்டார். அமலுக்கு வரும் தேதியை மட்டும் யாரும் குறிக்கவில்லை. பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது.

சாட்சிகளைப் பாதுகாக்கும் திட்டம் இருக்கிறதே என்று நான் ஆசையாகக் கேட்டேன். பாளையங்கோட்டை கோர்ட்டில் இருக்கும் ஒரு வக்கீல் தம்பி என் மேசையிலேயே உட்கார்ந்து விளக்கினார். 2018-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தை நாடு முழுக்கச் சட்டம் மாதிரியே நடைமுறைப்படுத்தச் சொன்னது. மாவட்ட நீதிபதி தலைமையில் குழு. மனு வந்ததும் ஆபத்து எவ்வளவு என்று போலீஸ் ஐந்து வேலை நாளில் அறிக்கை கொடுக்க வேண்டும். நல்ல திட்டம். ஆனால் அது எந்தக் குற்றத்தின் சாட்சிகளுக்கு? மரண தண்டனை, ஆயுள், அல்லது ஏழு வருடமும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களுக்கு. பெண்களுக்கு எதிரான சில குற்றங்களையும் சேர்த்திருக்கிறார்கள். திருட்டுத்தனமாகக் கல் எடுப்பதற்குக் கனிமச் சட்டத்தில் அதிகபட்சம் ஐந்து வருடம். ஆக, குவாரிமேல் மனு கொடுத்தவர் அந்தக் கதவுக்குள் நுழைய முடியாது. அவர் கொலை செய்யப்பட்டால், அந்தக் கொலையைப் பார்த்தவருக்குப் பாதுகாப்பு உண்டு. வக்கீல் தம்பி இதைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

மிரட்டலே குற்றம்தானே என்று கேட்கலாம். ஆமாம். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-வது பிரிவில், கொன்றுவிடுவேன் என்று மிரட்டினால் ஏழு வருடம் வரை தண்டனை கொடுக்கலாம். ஆனால் ஸ்டேஷனில் நடப்பது என்ன? வழக்குப் பதியாமல், புகார் வந்தது என்பதற்கு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் போடுவார்கள், அதுவும் கெஞ்சினால். அப்புறம் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு, "ஒரே ஊர்க்காரங்க, சமாதானமாப் போங்க" என்று எழுதி வாங்கிக்கொள்வார்கள். மிரட்டுகிறவன் அந்த ஸ்டேஷனில் நாற்காலி போட்டு உட்காருகிறவனாக இருப்பான். மனு கொடுத்தவர் நின்றுகொண்டிருப்பார்.

பெண்கள் மனு கொடுத்தால் வருவது வேறு மாதிரி. முதலில் அரிவாள் வராது, பேச்சு வரும். ஒரு தங்கச்சி நூறு நாள் வேலையில் வராத ஆட்களுக்குக் கூலி போட்டதைப் பற்றி எழுதினாள். ஒரே வாரத்தில் அவளைப் பற்றி ஊரில் என்னென்னவோ பேசினார்கள். புருஷன் வீட்டிலேயே அவளை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். இதை எந்தப் பிரிவில் புகார் எழுதுவது என்று அவள் என்னைக் கேட்டாள்.

அதிகாரிகள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். பெட்டிஷன் போட்டே காசு பறிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். நானே பார்த்திருக்கிறேன், எழுத மாட்டேன் என்று திருப்பியும் அனுப்பியிருக்கிறேன். ஆனால் மூடிய உறையில் பெயர் இருக்கும்போது, பொய்ப் புகார் என்று தெரிந்தால் உறையைப் பிரித்து நடவடிக்கை எடுக்கலாமே. சின்ன ஊரில் யார் எழுதியிருப்பார் என்று ஊகிக்க முடியாதா என்றும் கேட்பார்கள். முடியும். ஆனால் ஊகத்துக்கும் கையில் இருக்கும் ஜெராக்ஸுக்கும் வித்தியாசம் உண்டு. ஊகித்தவன் அடிப்பதற்கு முன்னால் கொஞ்சம் யோசிப்பான். ஜெராக்ஸ் வைத்திருப்பவன், ஆபீசே தன் பக்கம் என்ற தைரியத்தில் வருகிறான்.

அதனால் நான் கேட்பது இதுதான். அரசாங்கத்துக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. திங்கட்கிழமை மனு வாங்கும் இடத்தில், பொது நலன் சார்ந்த புகாருக்கு இரண்டு தாள் முறை வையுங்கள். ஒரு தாளில் பெயர், முகவரி, கையெழுத்து. அது உறையில் போய் கலெக்டரின் நேரடிப் பொறுப்பில் பூட்டி இருக்கட்டும். மற்றொரு தாளில் விஷயம் மட்டும்: சர்வே எண், தேதி, வண்டி எண், ஃபோட்டோ. கீழே போவது அந்தத் தாள் மட்டும், வெறும் எண்ணோடு. ஒப்புகைச் சீட்டிலும் எண் மட்டும். மனுதாரரிடம் ஏதாவது கேட்க வேண்டுமானால் கலெக்டர் ஆபீசிலிருந்து கேட்டுச் சொல்லட்டும். முதல்வரின் உதவி எண் 1100-க்கு ஃபோன் செய்து பதிகிற புகாருக்கும் இதே முறை வேண்டும்.

எனக்கு மிரட்டல் வந்திருக்கிறது என்று மனுதாரர் சொன்னால், அதை அதே ஸ்டேஷனுக்கு அனுப்பக் கூடாது. மாவட்டத்தில் வேறு ஒரு டி.எஸ்.பி. விசாரிக்க வேண்டும், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அன்றைக்கே ஒரு நகல் போக வேண்டும். அங்கே செயலாளராக இருப்பவர் ஒரு நீதிபதி. சாட்சிகளுக்கு ஐந்து நாளில் அறிக்கை என்று வைத்த மாதிரி இதற்கும் ஒரு கெடு வையுங்கள். சாட்சிப் பாதுகாப்புக்கு ஒவ்வொரு மாநிலமும் திட்டம் வகுக்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 398-வது பிரிவு சொல்கிறது. அந்தத் திட்டத்தில் தமிழ்நாடு ஒரு வரி சேர்த்தால், ஐந்து வருடத் தண்டனைக்குள் அடங்கும் கனிமத் திருட்டைப் பற்றிப் புகார் கொடுத்தவரும் உள்ளே வந்துவிடுவார்.

மூன்றாவது, வாபஸ் மனு. எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம். மணல், குவாரி, ஆக்கிரமிப்பு, வட்டி விஷயத்தில் ஒருவர் வாபஸ் வாங்க வந்தால் கோப்பை மூடாதீர்கள். அவரைத் தனியாக உட்கார வைத்து ஏன் என்று கேளுங்கள். அவர் விலகினாலும் ஆற்றில் பள்ளம் அப்படியேதானே இருக்கிறது? மனுதாரர் இல்லாமலும் விசாரணை நடக்கும் என்று தெரிந்துவிட்டால் அவரை மிரட்டுவதில் யாருக்கும் லாபம் இல்லை.

2017 அக்டோபர் 23, ஒரு திங்கட்கிழமை. காசிதர்மத்திலிருந்து வந்த ஒரு கூலித்தொழிலாளி, மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், இதே கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் தீக்குளித்தார்கள். கந்துவட்டிக் கொடுமை. ஆறு தடவை மனு கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை என்று குடும்பத்தார் சொன்னார்கள். நாலு பேரும் போய்ச் சேர்ந்தார்கள். சத்தம் கேட்டு ஓடினவர்களில் நானும் ஒருத்தி. அந்த வாடையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சோறு இறங்காது. அதற்கப்புறம் வாசலில் போலீஸ் நிறுத்தி, வருகிறவர்கள் பையை எல்லாம் திறந்து மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று சோதனை போட ஆரம்பித்தார்கள். வயதான அம்மாக்களின் தண்ணீர் பாட்டிலைக்கூட முகர்ந்து பார்த்தார்கள். பையில் மண்ணெண்ணெய் வருகிறதா என்று பார்த்த கண்கள், உள்ளேயிருந்து யார் கையில் எந்த ஜெராக்ஸ் வெளியே போகிறது என்று ஒரு நாளாவது பார்த்திருக்கலாம்.

ஒவ்வொரு டிசம்பர் 10-ம் தேதியும் மனித உரிமை நாள் உறுதிமொழியை ஆபீஸ்களில் வரிசையாக நின்று வாசிக்கிறார்கள். அன்றைக்காவது, போன வருடம் எத்தனை மனு வாபஸ் ஆனது, எந்தெந்த விஷயத்தில் ஆனது என்ற கணக்கை ஒவ்வொரு மாவட்டமும் வெளியிடட்டும். பத்திரிகைக்காரர்களாகிய நீங்களும் அதைக் கேட்டு வாங்கிப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மனுதாரர் படத்தைப் போட்டுச் செய்தி எழுதும்போதும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு வெளியே தெரிவதே பாதுகாப்பு. சிலருக்கு அதுவே வினை.

அந்தப் பெரியவருக்கு அன்று நான் மனு எழுதிக் கொடுக்கவில்லை. விஷயம் முழுவதையும் ஒரு தாளில் எழுதி, அனுப்புநர் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டு என்னிடமே வைத்திருக்கிறேன். வெடி வைத்த தேதி, நேரம், சுவரில் விரிசல் விட்ட வீடுகளின் கதவு எண்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. கல்லைக் கொண்டு போகச் சொன்னேன், அவர் கேட்கவில்லை. "இங்கயே இருக்கட்டும்மா, பஸ்ல யாராவது பாத்தா என்னன்னு கேப்பாங்க" என்று வைத்துவிட்டுப் போய்விட்டார். இதை எழுதும்போது தாள் பறக்காமல் அதைத்தான் மேலே வைத்திருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அனுப்புநர் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கலெக்டர் ஐயா அதற்குள் சொன்னால் நல்லது.

இப்படிக்கு,
மனு எழுதுபவர்,
கொக்கிரகுளம், திருநெல்வேலி.